தட்டில் முக்கால்வாசி

1

இந்தக் கதை ஒரு வீட்டுக் குறிப்பாகத்தான் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் அவ்வப்போது எழுதும் வார இதழின் இணைப்புப் பக்கத்துக்கு நானூறு வார்த்தை வேண்டும் என்றார் ஆசிரியர். தலைப்பையும் அவரே சொன்னார்: வீட்டு ஃப்ரீசரில் ஐஸ் கட்டி செய்வது எப்படி.

"இதுல எழுத என்ன சார் இருக்கு? தட்டுல தண்ணி ஊத்தி உள்ள வைக்கணும். அவ்வளவுதானே."

"அதைத்தான் நானூறு வார்த்தைல சொல்லுங்க," என்றார். இருபது வருடமாக இணைப்புப் பக்கம் பார்ப்பவர். அவருக்கு எதிலும் வியப்பு கிடையாது.

எனக்குத் தெரிந்து தினமும் தவறாமல் ஐஸ் கட்டி செய்கிறவர் ஒருவர்தான், என் அண்ணி. அவரிடம் நாலு கேள்வி கேட்டால் வேலை முடிந்தது. போனை எடுத்தேன். அண்ணியின் எண் வரை போன விரல் அங்கேயே நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று இப்போதே சொல்லிவிடலாம். சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்:

"தண்ணீர் உறையும்போது விரியும். ஆகவே தட்டின் ஒவ்வொரு குழியிலும் முக்கால்வாசிதான் ஊற்ற வேண்டும். விளிம்புவரை ஊற்றினால் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாளமாகிவிடும். அப்படி ஒட்டிப்போன தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண் —"

நிறுத்திவிட்டேன். குறிப்பு எழுத உட்கார்ந்த இடத்தில் எங்கிருந்து ஒரு பெண் வந்தாள்?

இரண்டாவது:

"அவள் இருபத்திரண்டு வருடமாக ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் புகைப்படம் எடுக்கிறாள்."

இது பரவாயில்லை. ஆனால் அண்ணியை 'அவள்' என்று எழுதக் கை கூசுகிறது. 'ள்' போட்டால் மரியாதை போகிறது, 'ர்' போட்டால் கதை விறைத்துக்கொண்டு நிற்கிறது. நாளெல்லாம் யோசித்து 'ர்' என்றே முடிவு செய்தேன். நாத்தனார் எழுதும் கதையில் அண்ணிக்கு அந்த மரியாதையாவது மிஞ்சட்டும்.

மூன்றாவது:

"அண்ணனுக்குத் தாகமாக இருந்தது."

இதை அடிக்கவில்லை. இங்கிருந்தே போகலாம்.

3

அண்ணனுக்குத் தாகமாக இருந்தது. மூன்று வருடமாக இருந்தது.

லிஃப்ட் மெக்கானிக்காக முப்பது வருடம் வேலை பார்த்தவர் அவர். ஊரில் பாதிப் பேர் படியேறாமல் முழங்கால் மூட்டைக் காப்பாற்றிக்கொண்டது அவர் புண்ணியத்தில்தான் என்று சொல்லிக்கொள்வார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்வதோடு உடம்பில் தேங்கிய தண்ணீரையும் உறிஞ்சி எடுக்கும். மற்ற நாட்களில் குடிப்பதெல்லாம் உள்ளேயே தங்கும். முதலில் காலில், பிறகு முகத்தில், மிஞ்சினால் நுரையீரலில். அதனால் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் கூடாது. டீயும் மாத்திரை விழுங்குகிற தண்ணீரும் அதற்குள் அடக்கம்.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். இவர் உப்பையும் விட்டவர். தாகம்தான் இவரை விடவில்லை.

ஐஸ் யோசனையைச் சொன்னது டயாலிசிஸ் நர்ஸ். "அக்கா, ஒரு வாய் தண்ணி தொண்டையில இறங்க ஒரு நொடி. அதே தண்ணி ஐஸா இருந்தா பத்து நிமிஷம் வாயில நிக்கும். குடுத்துப் பாருங்க."

அன்றிலிருந்து அண்ணியின் மாலைகள் ஃப்ரீசர் முன்னால் முடிந்தன. பகலெல்லாம் ஒரு வெள்ளைத் திரைக்கு எதிரே நின்று, "முகவாயைக் கொஞ்சம் தூக்குங்க. கண்ணாடியக் கழட்டுங்க. சிரிக்க வேண்டாம்," என்று நூற்றைம்பது பேரிடம் சொல்லிவிட்டு வருவார். செருப்பைக் கழற்றியதும் அதே குரலில் அண்ணனிடம், "காலைத் தூக்குங்க." கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேல் அழுத்திப் பார்ப்பார். அழுத்திய குழி உடனே நிரம்பினால் நிம்மதி. நிரம்பாமல் அப்படியே நின்றால் எங்கோ தண்ணீர் அதிகமாகப் போயிருக்கிறது.

பிறகு தட்டு. நீலத்தில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, தட்டுக்குப் பதினான்கு குழி. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, குழிக்குப் பதினைந்து மில்லி. முக்கால்வாசிதான் வரும். அசையாமல் கொண்டுபோய் ஃப்ரீசரின் அடித்தட்டில் மட்டமாக வைப்பார்.* அண்ணனுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கட்டி. எடுத்துக்கொள்வது அவர் பொறுப்பு. பூட்டும் கிடையாது, காவலும் கிடையாது.

"பன்னண்டும் முடிஞ்சுதா?"

"பதினொண்ணு. ஒண்ணு மிச்சம் வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"ஒண்ணு இருக்குன்னு நினைச்சுக்கத்தான்."

அண்ணி சிரித்ததாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அந்த நேரத்தில் அவருக்குச் சிரிக்கத் தெம்பு இருந்திருக்காது.

(* ஆசிரியரின் நானூறு வார்த்தைக்கு இது உதவும்: தட்டு சாய்ந்திருந்தால் கட்டிகள் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் இளைத்து வரும். எடுக்கும்போது தட்டின் முதுகைக் குழாயடியில் ஒரு நொடி காட்டிவிட்டு, இரண்டு முனையையும் எதிரெதிராக முறுக்கினால் போதும். கத்தியால் குத்தக் கூடாது.)

4

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம்.

மூன்று மாதத்துக்கு முன், அலுவலகத்தில் பழைய கோப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை வந்திருப்பதாகவும் ஞாயிற்றுக்கிழமையும் போக வேண்டும் என்றும் அண்ணி சொன்னார். வாரமெல்லாம் பகலில் தனியாக இருக்கிறவரை ஞாயிற்றுக்கிழமையும் தனியாக விட மனம் வரவில்லை என்றார். அதனால் ஞாயிறுதோறும் காலை பத்து மணியிலிருந்து நாலு மணிவரை ஒருவர் வந்து கூட இருந்தார்.

அந்த ஒருவரை முதல் பிரதியில் பக்கத்து வீட்டுக்காரர் ஆக்கினேன். பொருந்தவில்லை. அண்ணன் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாய்விட்டுக் கேட்க மாட்டார். இரண்டாம் பிரதியில் அவரோடு வேலை பார்த்த பழைய கூட்டாளி ஆக்கினேன். அவர் வாயில் நான் வைத்த வசனங்கள் எல்லாம் நான் பேசியவையாக இருந்தன. மூன்றாம் பிரதியில் அந்த ஆளே வேண்டாம், அண்ணனே எழுந்து போய் எடுத்துக் குடித்ததாக இருக்கட்டும் என்று எழுதிப் பார்த்தேன். கதை ஒழுங்காக நகர்ந்தது. எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த ஒருவர் நான்தான்.

முதல் ஞாயிறு அவர் கேட்டது ஒரே ஒரு கட்டி. பன்னிரண்டுக்கு மேல் பதின்மூன்றாவது.

"பாப்பா, ஐஸ் திடப்பொருள். ஸ்கூல்ல படிச்சியா இல்லையா? டாக்டர் சொன்னது திரவம்."

எனக்கு வயது நாற்பத்தொன்பது. என்னைப் பாப்பா என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அவரும், அவரைப் பார்த்துக் கூப்பிடப் பழகிய அண்ணியும்தான். சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு மூன்று. அதற்கடுத்து ஆறு. ஏழாவது ஞாயிறு வெயில் கொளுத்தியது. அவர் உதடு வெடித்திருந்தது. இரண்டு தட்டையும் முறுக்கி ஒரு கிண்ணத்தில் கொட்டி அவர் கையில் கொடுத்தேன். அதுவும் போதாமல் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர்.

அவர் குடித்ததை எழுத வேண்டும். கண்ணை மூடிக்கொண்டார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. நடுவில் ஒரு முறை நிறுத்தி, பாட்டிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். மூன்று வருடத்தில் அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. குடித்து முடித்ததும், "உன் அண்ணிகிட்ட சொல்லாத," என்றார். அதையும் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் ஏற்கெனவே குழாயடியில் நின்று தட்டுகளை நிரப்பிக்கொண்டிருந்தேன். அவசரத்தில் விளிம்புவரை.

ஏன் கொடுத்தேன்? 'இரக்கம்' என்று எழுதிவிட்டு அடித்தேன். இரக்கமும் இருந்தது, பொய் இல்லை. ஆனால் வாரத்தில் ஆறு நாளும் மறுக்கிற வேலை அண்ணியுடையது. ஏழாம் நாள் வந்து கொடுத்துவிட்டுப் போகிற சுகம் என்னுடையது. அந்தச் சுகம் எனக்குப் பிடித்திருந்தது.

5

திங்கட்கிழமை காலை நடந்ததை நான் பார்க்கவில்லை. பிறகு அண்ணி சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

முந்தின மாலை அசதியில் எதையும் பார்க்காமல் படுத்துவிட்டதால், எழுந்ததும் அண்ணி ஃப்ரீசரைத் திறந்தார். நீலத் தட்டை எடுத்தார். முறுக்கினார். வரவில்லை. இன்னும் பலமாக முறுக்கினார். பதினான்கு கட்டியும் சேர்ந்து ஒரே பலகையாகக் கழன்று கையில் விழுந்தது. வெள்ளைத் தட்டும் அப்படியே. இரண்டு பாளத்தையும் தொட்டியில் போட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தார்.

அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கட்டிலில் தலையணை கலையவில்லை.

"என்னங்க, படுக்கலையா?"

"படுத்தா நெஞ்ச அழுத்துது. உக்காந்தா பரவால்ல."

ஒவ்வொரு நாலு வார்த்தைக்கும் ஒரு மூச்சு. அண்ணி குனிந்து காலை அழுத்தினார். குழி விழுந்தது. விழுந்த குழி அப்படியே நின்றது.

"நேத்து எவ்ளோ?"

"எப்பவும் போலத்தான்," என்று சொல்லிவிட்டு அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அண்ணி இரண்டாம் முறை கேட்கவில்லை. சட்டையை மாட்டிவிட்டார், டாக்ஸியைக் கூப்பிட்டார், ஆஸ்பத்திரிக் கோப்பை எடுத்துக்கொண்டார். வழியெல்லாம் அண்ணன் முன்னால் குனிந்தபடியே இருந்தார். அண்ணி அவர் முதுகில் கையை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டே போனார்.

திங்கட்கிழமை அவருடைய நாள் இல்லை. படுக்கை காலியில்லை. வேறொருவருக்கு டயாலிசிஸ் முடியும்வரை ஆக்சிஜன் வைத்துச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். எடை பார்த்த டெக்னீஷியன் இரண்டு முறை பார்த்தார். வழக்கமாக அதற்குள் ஒன்றரை கிலோ ஏறியிருக்கும். அன்றைக்கு மூன்றைத் தாண்டியிருந்தது. நாலு மணி நேரம் தண்ணீரை உறிஞ்சி எடுத்தார்கள். நடுவில் ரத்த அழுத்தம் சரிந்து, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு, அண்ணன் பல்லைக் கடித்தார். அண்ணி பாதத்தைத் தன் வயிற்றில் முட்டுக்கொடுத்து நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

தப்பித்துவிட்டார். டாக்டர் வந்து, "இன்னொரு தடவை இப்படி வந்தா நான் உத்தரவாதம் சொல்ல முடியாது. சின்னப் பிள்ளையா நீங்க?" என்றார்.

"சரிங்க டாக்டர். இனிமே குடிக்கல," என்றார் அண்ணன். யார் கொடுத்தது என்று மட்டும் சொல்லவில்லை.

அன்று மாலை எனக்கு அண்ணியிடமிருந்து போன். "உன் அண்ணனுக்குக் காலைல கொஞ்சம் முடியல. இப்ப பரவால்ல." பிறகு, "ஞாயித்துக்கிழமை வருவல்ல?"

வருகிறேன் என்றேன். அதன் பிறகு ஆறு ஞாயிறு போய் வந்துவிட்டேன். பன்னிரண்டுக்கு மேல் ஒன்றும் கொடுக்கவில்லை. ஒன்றும் சொல்லவுமில்லை.

6

முடிவுகள்.

ஒன்று: அண்ணன் இறந்துவிடுகிறார். இதை முக்கால் பக்கம் எழுதினேன். எழுதி முடித்ததும் போன் செய்து அவர் குரலைக் கேட்டேன். "என்ன பாப்பா, வேலை இல்லையா?" என்றார். பக்கத்தைக் கிழித்தேன்.

இரண்டு: அண்ணி கண்டுபிடித்துத் தட்டை வீசி எறிந்து, நாத்தனாரை வாசலோடு நிறுத்துகிறார். வாசகருக்குப் பிடிக்கும். எனக்கும் ஒரு விதத்தில் ஆறுதல்தான், நாலு வசவு வாங்கினால் கணக்கு தீர்ந்ததுபோல் இருக்கும். ஆனால் வீசி எறிவதற்கும் தெம்பு வேண்டுமே. அண்ணியிடம் அது ஏது?

மூன்று: நான் ஒரு கடிதம் எழுதி ஃப்ரீசருக்குள் —

இல்லை. அசட்டுத்தனம்.

போன வெள்ளிக்கிழமை நேராக அண்ணியின் அலுவலகத்துக்கே போனேன். சாப்பாட்டு நேரம். புகைப்பட அறையில் அண்ணி மட்டும் இருந்தார், மேஜையில் டிபன் பாக்ஸ் திறந்திருந்தது. உட்கார வேறு இடம் இல்லாததால் திரைக்கு முன்னாலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். கேமரா என்னையே பார்த்தது.

"அண்ணி, அந்த ஞாயித்துக்கிழமை நான்தான் குடுத்தேன். ரெண்டு தட்டும், ஒரு பாட்டிலும்."

அண்ணி மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். "தெரியும்."

"அண்ணன் சொன்னாரா?"

"அவரு எங்க சொன்னாரு? தட்டப் பாத்தேன்ல. விளிம்பு வரைக்கும் ஊத்தி வச்சிருந்துச்சு."

"அவரே ஊத்தி வச்சிருப்பாருன்னு நினைக்கலையா?"

"கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் ஆச்சு, பாப்பா. கடைசிக் கட்டியையும் எடுத்துட்டுக் காலித் தட்டை அப்படியே திரும்ப உள்ள வைக்கிற மனுஷன் அவரு. தட்டை நிரப்பி வச்சாருன்னா நான் நம்பிடுவேனா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணிக்கும் வந்தது. சிரித்து முடித்ததும் கேட்டேன்.

"அப்ப ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ வர மாட்ட."

டிபன் பாக்ஸை மூடினார். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

"ஞாயித்துக்கிழமை ஆபீஸ் கிடையாது," என்றார். "எந்த ஃபைலையும் ஏத்தல. சும்மா சொன்னேன்."

7

இது அண்ணி சொன்னது. சொற்கள் சில என்னுடையவை, களைப்பு முழுக்க அவருடையது.

ஞாயிறு காலை என்னிடம் வீட்டை ஒப்படைத்துவிட்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு அண்ணி தெருமுனைக்கு வருவார். முதலில் வரும் பஸ் எதுவோ அதில் ஏறுவார். கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் கேட்பார். முதல் வாரம் எங்காவது போய் எதையாவது பார்க்கலாம் என்றுதான் கிளம்பினார். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து மூன்று நிறுத்தம் தாண்டுவதற்குள் தூங்கிப்போனார். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் எழுப்பினார். இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி ஏறினார். மறுபடி தூக்கம். நாலு மணிவரை ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார். வீட்டில் படுத்தால் அண்ணன் இருமும் சத்தத்துக்கும், ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தத்துக்கும் காது விழித்தே இருக்கும். பஸ்ஸில் அது உறங்கியது. இப்போது கண்டக்டர்களுக்கு அவரைத் தெரியும். எழுப்புவதில்லை.

"ரெண்டாவது வாரமே தட்டுல மூணு கட்டி குறைஞ்சிருந்துச்சு," என்றார் அண்ணி. "நீ குடுக்கறன்னு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் அடுத்த வாரமும் பஸ் ஏறினேன். அன்னைக்கு ஆஸ்பத்திரில அவரு காலப் பிடிச்சிட்டு நின்னப்ப என்னைத்தான் திட்டிக்கிட்டேன். உன்னை இல்ல. அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை என்ன பண்ணேன்னு நினைக்கற? மறுபடியும் ஏறினேன்."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்க வந்தவளிடம் மன்னிப்பைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளச் சொன்னால் [இந்த வாக்கியம் முடியவில்லை. முடித்துப் பார்த்த நாலு விதமும் பொய்யாக இருந்தன].

"இதைக் கதையா எழுதிட்டு இருக்கேன், அண்ணி. உங்களுக்கு வேண்டாம்னா விட்டுடறேன்."

"எழுது. பேர் போடாத." கொஞ்சம் யோசித்தார். "கடைசில என்ன ஆகுது?"

"தெரியல."

"தெரியலன்னா என்னை பஸ்லயே விட்டுடு. எழுப்பாத."

வெளியே மணி அடித்தது. அண்ணி கையைக் கழுவிவிட்டு வந்து கேமராவுக்குப் பின்னால் நின்றார். "எந்திரி பாப்பா, ஆள் வர்றாங்க."

8

இன்றைக்குச் சனிக்கிழமை. நாளை நான் போக வேண்டும்.

ஐந்து வாரம் வாயே திறக்காத அண்ணன், போன வாரம் மெல்ல ஆரம்பித்திருக்கிறார். "பாப்பா, ஃப்ரீசரைத் தொறந்து சும்மா காட்டேன். குளிர் முகத்துல பட்டாப் போதும்." திறந்து காட்டினேன். முகத்தை உள்ளே நீட்டிக் கண்ணை மூடி நின்றார். அவ்வளவுதான், வேறொன்றும் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்பார். அவர் உதட்டைப் பார்த்தபோதே தெரிந்தது.

நான் கொடுக்க மாட்டேன் என்று ஒரு முடிவு எழுதினேன். எழுதியவளையே நம்ப முடியவில்லை. கொடுத்தேன் என்று எழுதினால் திங்கட்கிழமை காலையையும் நானே எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இனி வரமாட்டேன் என்று சொல்லிவிடலாம் என்றும் எழுதிப் பார்த்தேன். அது அண்ணியை பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவது.

ஆகவே நாளை நான் உட்கார வேண்டிய நாற்காலியை உங்களிடம் விடுகிறேன். மணி பதினொன்று இருக்கும். கூடத்தில் வெயில் பாதித் தூரம் வந்திருக்கிறது. எதிரே அண்ணன், ஐம்பத்தேழு வயது, நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு உங்களையே பார்க்கிறார். உங்களையும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவர் கேட்பதைக் கேளுங்கள், செய்வதைச் செய்யுங்கள், எதுவானாலும் எழுதிக்கொள்ளுங்கள். நான் திருத்த மாட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், சத்தமில்லாமல் எழுதுங்கள். பஸ் கடைசி நிறுத்தத்துக்குப் போகப் போகிறது, திரும்பியும் வரப்போகிறது. அண்ணி தூங்குகிறார்.